அறுபது பேருக்கு ஓர் அக்கா

செண்பகவல்லிக்குப் பல்லி என்றால் ஆகாது. முப்பது வருடம் குவாரி, சுரங்கம், மலையுச்சி என்று சுற்றிய நிலவியல் பேராசிரியைக்கு இப்படியொரு பயம் இருப்பது நடுவூர்ப் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆளுக்கும் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டாள். சுவரில் பல்லி தென்பட்டால் கைக்கடிகாரத்தைப் பார்ப்பாள், ஏதோ அவசர வேலை நினைவுக்கு வந்ததுபோல் முகத்தை வைத்துக்கொள்வாள், நிதானமாக நடந்து வெளியே போய்விடுவாள்.

அந்தத் திங்கட்கிழமை ஆய்வுக்கூடத்தில், பாறைத் துண்டுகள் வைத்திருந்த தட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு பல்லி எட்டிப் பார்த்தது. செண்பகவல்லி கடிகாரத்தைப் பார்த்தாள். அதே நொடியில் எதிரே உட்கார்ந்திருந்த அறுபது மாணவர்களும் தங்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள். கடிகாரம் கட்டாதவர்கள் வெறும் மணிக்கட்டைப் பார்த்தார்கள். பிறகு அறுபது பேரும் அவசர வேலை நினைவுக்கு வந்த முகத்தோடு எழுந்து, நிதானமாக வரிசையில் வெளியே போய்விட்டார்கள்.

கூடத்தில் அவளும் பல்லியும் மட்டும் மிஞ்சினார்கள். வாசலுக்கு வெளியே கூட்டம் இன்னும் கலையாமல் அடைத்துக்கொண்டிருந்ததால் அவளால் வெளியேறவும் முடியவில்லை.

அந்த அறுபது பேரும் நிலவியல் மாணவர்கள் இல்லை. நெசவுத் தொழில்நுட்பம், மெக்கானிக்கல், வணிகவியல் என்று வேறு வேறு துறைகளில் படிக்கிறவர்கள். நடுவூரில் எல்லாருக்கும் ஒரு முதன்மைப் பாடம் உண்டு, அதற்குச் சம்பந்தமே இல்லாத துறையில் ஒரு துணைப்பாடம் உண்டு. துணைப்பாடத்தை மைனர் என்பார்கள். போன வருடம் வரைக்கும் மைனர் படிக்க இரண்டு வருடம் பிடித்தது. இந்த வருடம் அறிவூற்று வந்துவிட்டது. பேராசிரியர் ஒரு மதியம் தலையில் தொப்பியை மாட்டிக்கொண்டு தன் பாடத்தை முதலிலிருந்து கடைசிவரை நினைத்துப் பார்த்தால் போதும். இயந்திரம் அதை எடுத்து வைத்துக்கொள்ளும். மாணவர்கள் அதே மாதிரி தொப்பியை மாட்டிக்கொண்டு சற்று நேரம் படுத்து எழுந்தால் பாடம் தலையில் இருக்கும்.

அறிவூற்று என்று பெயர் வைத்த குழு, அந்தச் சொல் விடுதிக்குப் போனால் என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை. "நீ என்ன ஊத்திக்கிட்ட?" என்று மாணவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். யாருக்காவது பாடம் தலையில் ஏறவில்லை என்றால், "அவளுக்கு ஊத்திக்கிச்சு" என்றார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் புரியாமல் பெற்றோர்கள் தொலைபேசியில் தவித்தார்கள்.

செண்பகவல்லி நேராகத் துணைப்பாட இயக்குநர் அருமைநாயகத்தின் அறைக்குப் போனாள். அவர் எப்போதும் சிரித்த முகத்தோடு இருப்பவர். கெட்ட செய்தி சொல்லும்போது இன்னும் கொஞ்சம் அதிகமாகச் சிரிப்பார்.

"கசிவு மேடம், சின்னக் கசிவு" என்றார். "பாடத்த நெனைக்கச் சொன்னா, நெனைக்கிறவங்களும் கொஞ்சம் கூட வந்துடறாங்க."

"எனக்கு மட்டுமா?"

"எல்லாருக்கும்தான். வீணை ஊத்திக்கிட்ட சிவில் பசங்க ஒருத்தனும் கத்திரிக்காயத் தொடுறதில்ல. வீணை மேடத்துக்குக் கத்திரிக்காய் பிடிக்காதாம். மெஸ்ல கூட்டு அப்படியே திரும்பி வருது. பொருளாதாரம் ஊத்திக்கிட்டவங்க ரூமப் பூட்டிட்டு, கேஸ மூடினோமான்னு பாக்கத் திரும்பி வர்றாங்க. ஹாஸ்டல்ல கேஸே கிடையாது."

"தத்துவம்?"

"தத்துவம் நல்லா இருக்கு மேடம். பல் டாக்டர்கிட்ட மட்டும் போக மாட்டேங்கிறாங்க."

"எடுத்துருங்க" என்றாள் செண்பகவல்லி. "என்னோடத எடுத்துருங்க. எனக்கு இது பிடிக்கல."

அருமைநாயகத்தின் சிரிப்பு அகலமானது. "அலசலாம். ஒரு நாள் வேலைதான். ஆனா அலசினா பல்லியோட பாறையும் போயிரும். அறுபது பேரோட கிரெடிட்டும் போயிரும். அடுத்த வருஷம் ஆறாயிரம் பேருக்குன்னு வேற அறிவிச்சுட்டோம். பல்லிதானே மேடம். விடுங்க."

அவள் விட்டுவிட்டு வந்தாள். ஆனால் நடந்து வரும்போது, அந்த மதியம் தொப்பிக்கடியில் வேறு எதையெல்லாம் நினைத்தோம் என்று யோசித்தாள். கருங்கல்லில் ஆரம்பித்தது நன்றாக நினைவிருந்தது. சுண்ணாம்புக்கல் ஒழுங்காகப் போயிற்று. கடைசியில் ரத்தினக்கற்கள் வந்தன. மரகதம் வந்தபோது மனம் எங்கோ போனது. எங்கே போனது என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்ததை அப்படியே ஓரமாகத் தள்ளிவிட்டு வகுப்புக்குப் போனாள்.

இரண்டு வாரம் கழித்து, அறுபது பேரில் ஒருவனான நெசவுத்துறை இன்பராஜ் அவள் அறை வாசலில் வந்து நின்றான். நெட்டையான பையன். உள்ளே வரவும் மனமில்லாமல் போகவும் மனமில்லாமல் கதவில் ஒட்டிக்கொண்டிருந்தான்.

"என்னப்பா?"

"மேடம், சாத்தூர்ல உங்களுக்கு யாராச்சும் இருக்காங்களா?"

செண்பகவல்லி மேசையிலிருந்த கல் ஒன்றை எடுத்து வேறு இடத்தில் வைத்தாள். "ஏன் கேக்குற?"

"போன மாசம் ஊருக்குப் போகலாம்னு பஸ் ஸ்டாண்டு போனேன் மேடம். எனக்கு ஊரு தர்மபுரி. ஆனா சாத்தூர் பஸ்ல ஏறி உக்காந்துட்டேன். ஏன் ஏறினேன்னு தெரியல. இறங்கி நடந்தேன். கால் தானாப் போகுது. நீல கேட் போட்ட ஒரு வீடு. ஒரு அக்கா கதவத் திறந்தாங்க. பாத்தவுடனே எனக்கு அழுகை வந்துருச்சு."

"நீ அழுதியா?"

"ஆமா மேடம். அவங்க பயந்துட்டாங்க. என்னப்பா வேணும்னு கேட்டாங்க. சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்க்கான்னு சொன்னேன். சர்வே எடுக்க வந்த பையன்னு நெனச்சு உக்கார வெச்சுக் காபி குடுத்தாங்க."

செண்பகவல்லி அந்தக் கல்லை மறுபடியும் பழைய இடத்திலேயே வைத்தாள்.

"நான் மட்டும்தான் போனேன்னு நெனச்சேன் மேடம். திரும்பி வந்து பாத்தா, நம்ம மைனர்ல முக்காவாசிப் பேரு போயிட்டு வந்திருக்காங்க. இப்ப எல்லாரும் ஞாயித்துக்கிழமை சேந்தே போறோம்."

"போயி என்ன பண்றீங்க?"

இன்பராஜ் நெளிந்தான். "எங்களுக்கு மன்னிப்புக் கேக்கணும்போல இருக்கு மேடம். எதுக்குன்னுதான் தெரியல. அதனால வீட்டு வேலை பாக்குறோம். ஒட்டடை அடிச்சோம். தொட்டியக் கழுவினோம். அத்தானோட பைக்கத் தொடச்சு வெச்சோம்."

"அத்தானா? யாருக்கு யாரு அத்தான்?"

"வாயில அப்படித்தான் வருது மேடம்."

"சேவு குடுத்தாங்களா?" என்று செண்பகவல்லி கேட்டாள். கேட்ட பிறகுதான் அதைக் கேட்டிருக்க வேண்டாம் என்று தோன்றியது.

"காராச்சேவு. ஆளுக்கு ஒரு தட்டு. இன்னொரு விஷயம் மேடம். அந்த அக்கா கழுத்துல ஒரு பச்சைப் பதக்கம் போட்டிருக்காங்க. பாத்தவுடனே எங்களுக்கு அது பாட்டில் கண்ணாடின்னு தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சதும் தொண்டைய அடச்சுது. கல்லு எப்படி இருக்குன்னு அவங்களே கேட்டாங்க. நல்லா இருக்குன்னு சொன்னோம்."

"சொல்லும்போது மூக்கத் தேய்ச்சீங்களா?"

இன்பராஜ் யோசித்தான். "எல்லாரும் தேய்ச்சோம் மேடம்."

செண்பகவல்லி நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். பொய் சொன்னால் மூக்கைத் தேய்ப்பது சின்ன வயதிலிருந்து அவளுக்கு உள்ள பழக்கம். அது உலகத்தில் ஒரே ஓர் ஆளுக்குத்தான் தெரியும். அந்த ஆளின் முன்னால் அறுபது பேர் வரிசையாக நின்று மூக்கைத் தேய்த்திருக்கிறார்கள்.

பூங்கோதை அவளுடைய அக்கா. இரண்டு பேரும் பேசிப் பதினோரு வருடம் ஆகிறது. அக்கா மகள் நிவேதாவின் நிச்சயதார்த்தத்தில் நடந்தது அது. அக்காவின் மாமியார் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக இருந்த பச்சைக்கல் பதக்கத்தை அக்கா அன்றைக்குத்தான் முதன்முதலாகப் போட்டிருந்தாள். மாப்பிள்ளை வீட்டு அம்மாள் ஒருத்தி, "மரகதமா?" என்று கேட்டாள். அத்தானுக்குப் பெருமை தாங்கவில்லை. "எங்க வீட்டுலயே கல்லுக்குன்னு படிச்சவ இருக்கா, அவளையே கேளுங்க" என்று பதக்கத்தைக் கழற்றி வாங்கிச் செண்பகவல்லியின் கையில் கொடுத்தார். அவள் கைப்பையிலிருந்து லென்ஸை எடுத்தாள். சாப்பாட்டுப் பந்திக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. ஒரு பார்வை பார்த்தாள். "பாட்டில் கண்ணாடி அத்தான், உள்ள குமிழி இருக்கு பாருங்க" என்றாள். அதோடு நிறுத்தியிருந்தாலாவது பரவாயில்லை. மாப்பிள்ளை வீட்டாரிடம் லென்ஸைக் கொடுத்து, ஒவ்வொருவராகக் குமிழியைப் பார்க்கவும் வைத்தாள். அவளுக்கு அது வகுப்பு எடுப்பதுபோல் இயல்பாக இருந்தது. யாரோ ஒருவர் சந்தேகம்கூடக் கேட்டார்.

அக்கா பதக்கத்தை வாங்கி மறுபடியும் கழுத்தில் போட்டுக்கொண்டாள். கல்யாணம் நல்லபடியாக நடந்தது. அதற்குப் பிறகு அக்கா அந்தப் பதக்கத்தைக் கழற்றவே இல்லை என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். தங்கையின் பெயரையும் எடுக்கவில்லை.

செண்பகவல்லி உள்ளதைத்தான் சொன்னாள். அதைத்தான் பதினோரு வருடமாகத் தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்தாள். தொண்டையில் அடைப்பதைப்பற்றி மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. இப்போது அறுபது தொண்டைகள் அடைத்துக்கொண்டு நிற்கின்றன.

அதற்குப் பிறகு திங்கட்கிழமை வகுப்புகள் வேறு மாதிரி ஆயின. பாறைகளைப்பற்றிப் பேசிவிட்டு, கரும்பலகையைத் துடைத்துக்கொண்டே, "சாத்தூர்ப் பக்கம் வெயில் எப்படி?" என்று கேட்பாள். வெயில் பரவாயில்லை என்பார்கள். அக்காவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்பார்கள். வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு வைத்திருந்தார்கள் என்று ஒரு மெக்கானிக்கல் பையன் சொன்னபோது, செண்பகவல்லிக்கு அவன்மேல் பொறாமையில் கோபமே வந்தது. அவனுக்கு மார்க்கைக் குறைத்துவிடுவோமோ என்று பயந்து, அந்தத் தாளை வேறொருவரிடம் திருத்தக் கொடுத்தாள்.

ஒரு நாள் இன்பராஜ், "நிவேதாக்கா பாப்பாவுக்குக் காது குத்துறாங்க மேடம். எங்க எல்லாரையும் வரச் சொல்லியிருக்காங்க. தனி பஸ்ஸே வெச்சுட்டு வாங்கன்னாங்க" என்றான்.

"எல்லாரையுமா?"

"எல்லாரையும்."

அவள் பாறைத் தட்டைச் சரிசெய்தாள். "வேற யாரப்பத்தியாவது பேச்சு வந்துதா?"

"இல்லையே மேடம்" என்று இன்பராஜ் மூக்கைத் தேய்த்தான். அவனுக்குப் பின்னால் நின்ற ஐந்தாறு பேரும் தேய்த்தார்கள். அதைப் பார்த்து அவளுக்கு நெஞ்சு ஒரு துள்ளுத் துள்ளியது.

அன்று மாலைதான் ரெஹானா வந்தாள். உணவுத் தொழில்நுட்பம் படிக்கிறவள். அவளுக்கு அறிவூற்று மூன்று முறை ஊற்றிப் பார்த்தும் ஏறவில்லை. விடுதியில் சொல்வதுபோல், அவளுக்கு உண்மையிலேயே ஊத்திக்கிச்சு. அதனால் நூலகத்தில் உட்கார்ந்து பழைய முறைப்படி நிலவியலைப் புத்தகத்தில் படித்துக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் அவளை இளப்பமாகப் பார்த்தார்கள்.

"மேடம், நானும் சாத்தூர் போயிருந்தேன்" என்றாள்.

"உனக்குத்தான் ஒண்ணும் ஏறலையே. நீ எதுக்குப் போன?"

"சேவுக்காக மேடம்." அவள் போனில் ஒரு படத்தைத் திறந்தாள். "அந்த அக்காகிட்ட கேட்டுப் பதக்கத்த வாங்கிப் பாத்தேன். லென்ஸ் வெச்சு நிறையப் படம் எடுத்தேன். இது பாட்டில் கண்ணாடி இல்ல மேடம்."

செண்பகவல்லி படத்தைப் பார்க்கவில்லை. "ரெஹானா, அத அறுபது பேரு பாத்திருக்காங்க. அறுபது பேருக்கும் ஒரே முடிவு."

"அறுபது பேரு பாக்கல மேடம்" என்றாள் ரெஹானா. குரலில் தயக்கம் இருந்தது, ஆனால் நிறுத்தவில்லை. "நீங்க ஒருத்தர்தான் அறுபது தடவ பாத்திருக்கீங்க."

செண்பகவல்லி கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டாள்.

குமிழிகள் இருந்தன. அவள் அன்றைக்குப் பார்த்த அதே குமிழிகள். ஆனால் அவற்றைச் சுற்றி, தேனைக் கலக்கியதுபோல் சுழல் சுழலாகக் கோடுகள் ஓடின. நடுவில் மெல்லிய புழுக்கள்போல் நெளிந்த இழைகள். எந்தப் பாட்டிலிலும் அப்படி இருக்காது. முப்பது வருட அனுபவத்தில் அவள் இதைப் படத்தில் மட்டுமே பார்த்திருந்தாள். கையில் வந்தபோது பந்திக்கு நேரமாகிவிட்டது.

"விண்கல் கண்ணாடி" என்றாள் மெதுவாக.

"ஆமா மேடம். ஒன்றரைக் கோடி வருஷத்துக்கு முன்னாடி ஐரோப்பாவுல ஒரு விண்கல் விழுந்து, தரை உருகித் தெறிச்சு ஆகாசத்துலயே உறைஞ்ச கண்ணாடி. புத்தகத்துல ஒரு பக்கம்தான் இருந்துச்சு. அந்த அக்காவோட மாமியாருக்குத் தாத்தா ஒருத்தர் கப்பல்ல சமையல்காரரா இருந்தாராம். அங்க ஏதோ துறைமுகத்துல வாங்கிட்டு வந்திருக்கார்."

"அப்ப கண்ணாடிதான்."

"கண்ணாடிதான் மேடம். ஆனா அந்தக் கண்ணாடி."

மறுநாள் காலையில் செண்பகவல்லி அருமைநாயகத்தின் எதிரே உட்கார்ந்திருந்தாள். நடந்ததைச் சொன்னாள். அவர் முதன்முறையாகச் சிரிக்காமல் கேட்டார்.

"ஒரு பதக்கம்தானே மேடம்" என்றார் கடைசியில்.

"இன்னைக்குப் பதக்கம் சார். நாளைக்கு ஒரு அணைக்கட்டு. அஸ்திவாரப் பாறை நல்ல பாறைன்னு ஒருத்தர் தப்பா நெனச்சிருந்தா, அவர ஊத்திக்கிட்ட அத்தனை பேரும் அதையே சொல்வாங்க. சந்தேகமா இருந்தா பக்கத்து ஆளக் கேப்பாங்க. பக்கத்து ஆளும் அவரேதான். இல்லையேன்னு சொல்ல ஒரு ஆள் இருக்காது."

"அதுக்கு என்ன பண்ணச் சொல்றீங்க?"

"ஒவ்வொரு மைனர்லயும் கொஞ்சம் பேர ஊத்தாம படிக்க வைங்க. புத்தகத்துல, வகுப்புல, கஷ்டப்பட்டு."

"ஊத்திக்கிச்சுன்னு சொல்றாங்களே, அந்த ஆளுங்களுக்கு சீட்டு ஒதுக்கச் சொல்றீங்க."

"ஆமா."

"சிண்டிகேட்ல சிரிப்பாங்க மேடம்."

"சிரிக்கட்டும்."

சிண்டிகேட்டில் சிரிக்கத்தான் செய்தார்கள். ஆனால் அதே வாரம், இயக்குநருடைய மகள், பொருளாதாரம் ஊற்றிக்கொண்டவள், வீட்டைப் பூட்டிவிட்டு கேஸைப் பார்க்க நாலு தடவை திரும்பி வந்து ரயிலைத் தவறவிட்டதால், தீர்மானம் நிறைவேறியது. ஊற்றாமல் படிக்கும் அந்த இடங்களை மாணவர்கள் காய்ந்த சீட்டு என்று அழைத்தார்கள். நிலவியல் ஊற்றிக்கொண்ட அறுபது பேருக்கும், வேண்டுமானால் உடனே இலவசமாக அலசிக்கொள்ளலாம் என்று அறிவிப்பு வந்தது. ஒருவரும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை காதுகுத்து இருக்கிறது, அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இன்பராஜ் எல்லார் சார்பாகவும் எழுதிக் கொடுத்தான்.

ஞாயிறு விடியற்காலை பேருந்து கிளம்பும் நேரத்தில் செண்பகவல்லி மடிக்கணினிப் பையோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள். பட்டுச்சேலை கட்டியிருந்தாள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பேருந்து அருப்புக்கோட்டையைத் தாண்டியதும் அவள் மடிக்கணினியைத் திறந்தாள்.

"எல்லாரும் இதப் பாத்துச் சொல்லுங்க. முப்பத்தஞ்சு ஸ்லைடு. முதல்ல விண்கல் விழுற படம். அப்புறம் வரைபடம். அப்புறம் குமிழிய நான் ஏன் தப்பா எடுத்துக்கிட்டேன்னு விளக்கம். பந்தல்ல ஒரு வெள்ளைத்துணி கட்டினாப் போதும். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க எல்லாரும் வருவாங்க. அன்னைக்கு யார் முன்னாடி சொன்னேனோ அவங்க முன்னாடியே சொல்லணும்."

பேருந்தில் ஒரு முனகல் எழுந்து அடங்கியது.

"மேடம்" என்றான் இன்பராஜ். "வேண்டாம் மேடம்."

"இது நல்ல செய்திப்பா. அக்காவுக்குப் பெருமை."

"அன்னைக்கும் லென்ஸ எடுக்கும்போது உங்களுக்கு இப்படித்தான் இருந்துச்சு மேடம். எங்களுக்குத் தெரியும். உள்ள ஒரு குறுகுறுப்பு. எல்லாருக்கும் காட்டிரணும்னு."

செண்பகவல்லி திரும்பிப் பார்த்தாள். அறுபது முகங்கள். அத்தனையிலும் அவளுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு சங்கடம். கடைசி வரிசையில் ரெஹானா மட்டும் ஜன்னலில் தலைசாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். செண்பகவல்லி மடிக்கணினியை மூடவில்லை. ஆனால் திரையை அணைத்தாள்.

நீல கேட்டுக்கு முன்னால் பந்தல் போட்டிருந்தார்கள். பூங்கோதை சந்தனக் கிண்ணமும் பன்னீர்ச் செம்புமாக வாசலில் நின்று, பேருந்திலிருந்து இறங்கியவர்களை ஒவ்வொருவராக உள்ளே விட்டுக்கொண்டிருந்தாள். கழுத்தில் பச்சைப் பதக்கம். செண்பகவல்லி மாணவர்களுக்கு நடுவில் நுழைந்து வரிசையில் நின்றாள்.

"நீ?"

"மெக்கானிக்கல்க்கா."

"சாப்பிடாமப் போகக் கூடாது. நீ?"

"ஃபுட் டெக்னாலஜிக்கா" என்று ரெஹானா கொட்டாவி விட்டாள்.

"பின்கட்டுக்குப் போயி சாம்பாருக்கு உப்பு பாரு. நீ?"

வரிசையில் அடுத்தது செண்பகவல்லி. அக்காவின் தலை முழுக்க நரைத்திருந்தது. அவள் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. மற்றவர்களைப் பார்த்ததுபோலவே மேலும் கீழும் பார்த்தாள்.

"நீ எந்த டிபார்ட்மெண்ட்?"

செண்பகவல்லி மடிக்கணினிப் பையை முதுகுக்குப் பின்னால் நகர்த்தினாள். "ஜியாலஜி" என்றாள்.

"மைனரா?"

"மேஜர்."

"பதினோரு வருஷமா உன்ன இந்தப் பக்கமே காணோம். இன்னும் படிச்சு முடிக்கலையா?"

"ஒரு அரியர் இருக்குக்கா."

பூங்கோதை சந்தனத்தை அவள் புறங்கையில் தேய்த்தாள். வேண்டியதற்கு மேல் கொஞ்சம் அழுத்தியே தேய்த்தாள். "அப்பளம் பொரிக்க ஆள் இல்ல. பின்கட்டுக்குப் போ."

செண்பகவல்லி பின்கட்டுக்குப் போனாள். பெரிய இரும்புச் சட்டியில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். முன்பக்கம் மேளம் கேட்டது, குழந்தை வீறிட்டு அழுவது கேட்டது, எல்லாரும் சேர்ந்து அதைச் சமாதானப்படுத்துவது கேட்டது. காது குத்தி முடிந்திருக்க வேண்டும். மடிக்கணினிப் பை சுவரோரம் கிடந்தது.

கொஞ்ச நேரத்தில் பூங்கோதை வந்தாள். பக்கத்தில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். இரண்டு பேரும் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் பலர் கூடி மூச்சுவிடும் சத்தம் கேட்டது.

"உன் பிள்ளைங்க நல்ல பிள்ளைங்க" என்றாள் பூங்கோதை. "வந்து தொட்டியக் கழுவுதுங்க. எதுக்குன்னு கேட்டா முழிக்குதுங்க. மொத நாள் அந்த நெட்டப் பையன் மூக்கத் தேய்ச்சப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, எங்கேருந்து வந்திருக்கான்னு."

"அவங்கள விரட்டியிருக்கலாமே."

"எதுக்கு விரட்டணும்? அத்தனை பேர்ல ஒருத்தன்கூட லென்ஸ எடுத்து ஊருக்குக் காட்டல."

செண்பகவல்லி ஓர் அப்பளத்தை எண்ணெயில் போட்டாள். அது உப்பி விரிவதைப் பார்த்துக்கொண்டே, "அன்னைக்கு நான் சொன்னது தப்புக்கா" என்றாள்.

"என்ன தப்பு?"

"சபையில வெச்சுச் சொன்னது. உன் கழுத்துல கிடந்தத வாங்கி, எல்லாருக்கும் சுத்துக்கு விட்டது. உன் மூஞ்சிய நான் பாக்கவே இல்ல."

பூங்கோதை முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். துடைத்து முடிக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"சரி" என்றாள். "அப்ப கல்லு?"

கதவுக்கு அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் நின்றது. செண்பகவல்லி பதக்கத்தைப் பார்த்தாள். அடுப்பின் வெளிச்சத்தில் அது இளம்பச்சையாக மினுங்கியது. தேனைக் கலக்கியது போன்ற அந்தச் சுழல் வெறும் கண்ணுக்கே தெரிவதுபோல் இருந்தது. முப்பத்தைந்து ஸ்லைடும் தொண்டைவரை வந்து நின்றன.

"கல்லு கண்ணாடிதான்க்கா" என்றாள். "ஆனா..."

"ஆனாவ அப்புறம் சொல்லு. அப்பளம் கருகுது பாரு."

செண்பகவல்லி அவசரமாகக் கரண்டியை எடுத்தாள். ஒன்றரைக் கோடி வருடம் சும்மா கிடந்த செய்தி. பந்தி முடியும்வரை கிடக்கட்டும் என்று அடுத்த அப்பளத்தைப் போட்டாள்.